கைராசிக்காரி நட்ட கொன்றைகள்

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் எந்தத் தொடர்மாடி வாசலில் மரம் செழித்து நின்றாலும், அது பத்மாவதி நட்டது என்று சொல்வார்கள். வேலியோரச் செடி தொடங்கி நிழல்மரம் வரை எது எங்கே வேண்டும் என்று தெரிவுசெய்து கொடுப்பதும், இரத்மலானையிலிருந்து கன்றுகளை ஏற்றிவந்து தன் கையாலேயே நட்டுவிடுவதும் அவள் தொழில். தாலியும் குங்குமமுமாக அவள் குனிந்து முதற்பிடி மண் போட்டால் அந்த மரம் பட்டுப்போகாது என்று சனம் நம்பியது. கைராசிக்காரி என்ற பெயர் அப்படி வந்தது.

உண்மையில் மரத்தைத் தெரிவுசெய்யும்போதே அவள் பாதி வேலையை முடித்துவிடுவாள். கடலைப் பார்த்த பக்கம் புன்னையும் பூவரசும். அவை உப்புக்காற்றைத் தாங்கும். அவற்றின் மறைவில்தான் பூச்செடிகள். ஆனால் சனம் அதை ராசி என்று சொன்னபோது அவள் ஒருநாளும் மறுத்ததில்லை. அந்தச் சொல் காதுக்கு இனித்தது. வேலையும் கொண்டுவந்தது. அந்த இனிப்பே நஞ்சாகும் என்று பாவம், அவள் எங்கே கண்டாள்!

எத்தனையோ சம்பந்தங்கள் தட்டிப்போன பிறகு, மகள் மயூரிக்கு வினோதனைப் பேசி முற்றாக்கினார்கள். மாப்பிள்ளை வீட்டார் கடலோரமாகப் புதுவீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். வினோதனின் தாய் சகுந்தலாதேவி, சித்திரையில் வீடு குடிபூரல், ஆவணியில் கலியாணம் என்று நாள் குறித்தாள். புதுவீட்டு முற்றத்துக்கு மரம் தெரிவுசெய்யும் பொறுப்பைச் சம்பந்தியிடமே கொடுத்தாள்.

பத்மாவதி வழக்கம்போலப் புன்னை, பூவரசு என்றாள். ஓரத்துக்குத் தாழை என்றாள். சகுந்தலாதேவி முகத்தைச் சுளித்தாள்.

“புன்னை றோட்டில நிக்கிற மரம், பத்மா. தாழை வைச்சா பாம்பு வரும். குடிபூரலுக்கு வாற சனம் என்ன சொல்லும்? கேற்றுக்கு ரெண்டு பக்கமும் கொன்றை வையுங்கோ. உள்ளுக்கு முசண்டாவும் ரோசாவும். உங்கட கை பட்டா எது வராது?”

தென்மேற்கிலிருந்து சோளகம் வீசத் தொடங்கினால் கொன்றை நிற்காது என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். பக்கத்தில் மயூரி நின்றாள். அந்தப் பிள்ளையின் முகத்தில் வெகுகாலத்துக்குப் பிறகு வந்திருந்த வெளிச்சத்தைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டு, “ஓம் அக்கா” என்றாள்.

குடிபூரலன்று கொன்றைகள் தளதளவென்று நின்றன. வந்தவர்கள் எல்லோரும் கைராசியைப் புகழ்ந்தார்கள். வைகாசியில் சோளகம் எழும்பியது. இலை நுனிகள் பழுத்தன. பிறகு நெருப்பில் வாட்டியதுபோலக் கருகின. முசண்டா வெறும் கம்பாக நின்றது. பத்மாவதி காலையில் போய், காய்ச்சல்காரப் பிள்ளைக்கு உடம்பு துடைப்பதுபோல நல்ல தண்ணீரால் இலை இலையாகக் கழுவிப் பார்த்தாள். ஆனிக்குள் எல்லாம் பட்டுவிட்டன.

சகுந்தலாதேவி அவளைக் கூப்பிட்டு வாசலிலேயே நிறுத்திக் கதைத்தாள். உள்ளே வந்து இருக்கச் சொல்லவில்லை.

“ஊரெல்லாம் மரம் தழைக்க வைக்கிற கை, என்ர வீட்டில மட்டும் ஏன் பட்டுப்போக வைச்சது? உங்கட பிள்ளை இந்த வீட்டில கால் வைக்க முன்னமே மரம் கருகுது. எனக்கு இருக்கிறது ஒரே மகன்.”

“இது ராசியால இல்லை அக்கா. உப்புக்காத்து. கொன்றை இஞ்ச நிக்காது எண்டு எனக்கு முதலே தெரியும்.”

“முதலே தெரியுமோ?” சகுந்தலாதேவியின் குரல் உயரவேயில்லை. “அப்ப, சாகும் எண்டு தெரிஞ்சுகொண்டுதான் என்ர வாசலில நட்டனீங்கள். அதுவும் குடிபூரலுக்கு.”

ஒன்றில் ராசி கெட்டவள், இல்லையென்றால் வஞ்சகி. மூன்றாவது வழியொன்றை அந்தத் தாய் விட்டுவைக்கவில்லை. மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த வினோதன் திரும்பி மேலே போய்விட்டான்.

சம்பந்தம் முறிந்தது. ஆவணி முகூர்த்தத்திலேயே வினோதனுக்கு வேறொரு பெண்ணைக் கட்டிவைத்தார்கள். கதை ஒழுங்கை ஒழுங்கையாகப் பரவியது. ஒரு தொடர்மாடியில் இருந்தவர்கள், பத்மாவதி நட்டிருந்த இளம் புன்னைக் கன்றுகளைக் கிண்டி எறிந்தார்கள். அவை நன்றாகத் தளிர்த்திருந்தன.

மயூரி அழவில்லை. தாய் குழைத்து நீட்டிய சோற்றைத் தள்ளிவிட்டுச் சொன்னாள்:

“அண்டைக்கு வாயைத் திறந்திருந்தா மிஞ்சிப்போனா அவவுக்குக் கோவம் வந்திருக்கும்.”

“உனக்காகத்தானே பிள்ளை வாயை மூடினனான்.”

“எனக்காக இல்லையம்மா. கைராசிக்காரி எண்ட பேருக்காக.”

பத்மாவதி குழைத்த சோற்றைத் திரும்பச் சட்டிக்குள் போட்டாள்.

அந்தக் கிழமையே மயூரி தன் வேலையிடத்துக்குப் பக்கமாக, பொரளையில் ஒரு பெண்கள் விடுதிக்குக் கிளம்பினாள். வாசலில் ஓட்டோ நின்றது. பெட்டியைத் தூக்கத் தாய் கை நீட்டினாள்.

“தொடாதேங்கோ” என்றாள் மகள்.