ஆட்டையாம்பட்டிச் சீமைக் கச்சை

ஆட்டையாம்பட்டியில் கட்டில் நாடா நெய்து பிழைத்த அர்த்தநாரிக்கு ஆசை என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது. சேலத்தில் சுவாமிநாதன் வைத்திருந்த இங்கிலீஷ் மருந்துக்கடையின் கண்ணாடி அலமாரிக்குள், தான் செய்த கச்சை தன் பெயரோடு உட்கார்ந்திருக்க வேண்டும். காடு வேண்டும், ஓட்டு வீடு வேண்டும், அடுத்த பிறவியிலாவது தாசில்தாராக வேண்டும் என்று ஆசைப்படுகிற ஊரில், ஒரு மனுஷன் அலமாரிக்கு ஆசைப்பட்டதை யாரும் தடுக்கவில்லை. யாருக்கும் புரியவுமில்லை.

கச்சை குடலிறக்கத்துக்கானது. பாவு சுற்றிய உருளையை ஒற்றை ஆளாகத் தூக்கப் போய், அவருக்கே அடிவயிற்றில் இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் கத்தி வைக்க வேண்டும் என்றார்கள். கத்தி என்றதும் அர்த்தநாரி எடுத்த ஓட்டத்தைப் பார்த்தவர்கள், நோய் அவருக்கு இல்லை என்றே நினைத்திருப்பார்கள். வீட்டுக்கு வந்து தறிக்குழியில் உட்கார்ந்து யோசித்தார். இறங்குவதை உள்ளே அமுக்கிப் பிடிக்க ஒரு கை வேண்டும். அந்தக் கையை நாடாவில் செய்தால் என்ன?

முதல் கச்சை நிற்கும்போது ஒழுங்காக இருந்தது, உட்கார்ந்தால் நழுவியது. அடுத்ததில் கொட்டாங்கச்சித் துண்டை வைத்துத் தைத்தார். அது நழுவவில்லை, ஆனால் தோலை உரித்தது. பிறகு பாட்டு நின்றுபோன கிராமபோன் பெட்டி ஒன்றின் சுருள்வில்லைச் சேலத்திலிருந்து வாங்கிவந்தார். அதில் ஒரு துண்டை வெட்டி நாடாவுக்குள் வைத்து, இலவம்பஞ்சுத் திண்டு கோத்து, கொக்கி போட்டு மாட்டினார். குனிந்தார், நிமிர்ந்தார், இருமினார். இறங்கவில்லை.

"பாட்டுப் பெட்டியை உள்ள வெச்சுக் கட்டியிருக்கறீங்க. தும்முனாப் பாடுமா?" என்று கேட்டாள் மனைவி சௌந்திரம்.

பாடியிருந்தாலாவது விளம்பரமாகியிருக்கும். சரக்கு அருமையான சரக்கு. ஆனால் கட்டியவன் காட்ட மாட்டான். காட்ட வேண்டுமென்றால் வேட்டியை அவிழ்க்க வேண்டும். சந்தையில் கட்டில் நாடாவோடு கச்சையையும் பரப்பி வைத்தார். வந்தவர்கள் நாடாவைத் தடவிப் பார்த்தார்கள், மழையைப் பற்றிப் பேசினார்கள், புறப்படுவதுபோல நாலடி நடந்து திரும்பி வந்து, "என்ற மச்சானுக்கு ஒண்ணு குடுங்க" என்றார்கள். மச்சானுக்கு இடுப்பு எவ்வளவு என்றால் தங்கள் இடுப்பைக் காட்டினார்கள். ஆட்டையாம்பட்டி முதல் காவிரிக்கரை வரைக்கும் கல்யாணமான ஒவ்வொருவனுக்கும் குடலிறங்கிய மச்சான் ஒருவன் இருக்கிறான் என்பது அப்போதுதான் அர்த்தநாரிக்குத் தெரிந்தது.

அவருக்கு இது போதவில்லை. கச்சையை எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனார். சுவாமிநாதன் அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"நாடாவை அலமாரியில வைக்கச் சொல்றியா? நாளைக்குக் கட்டிலையும் கொண்டுவந்து வைப்பே."

"கட்டிப் பார்த்தவங்க நல்லா இருக்குதுங்கறாங்க, ஐயா."

"எவங்க? மரியாதைப்பட்ட மனுஷன் ஒருத்தர் எங்கிட்ட வந்து, நான் இதைக் கட்டியிருக்கேன், நல்லா இருக்கேன்னு சொல்லட்டும். அன்னிக்கே அலமாரியில வைக்கறேன். உன் பேரையும் எழுதி ஒட்டறேன்."

ஒரே ஒரு வாய். அதைத் தேடித்தான் அர்த்தநாரி பரமத்தி வேலூருக்குப் போனார். அங்கே சின்னண்ணக் கவுண்டருக்கு வெற்றிலைக் கொடிக்காலும் வாழையும் கரும்புமாக நல்ல பண்ணையம். கச்சை கட்டிய மறுநாளே வாய்க்காலை ஒரே தாண்டாகத் தாண்டியவர். மாற்றிக் கட்ட இன்னொன்றும் வாங்கியிருந்தார்.

"ஏனுங்க கவுண்டரே, சேலத்துக்கு ஒருக்கா வந்து கடைக்காரர் காதுல மட்டும் சொன்னாப் போதுமுங்க."

"என்னன்னு சொல்றது?"

"இதைக் கட்டிக்கிட்டு நல்லா இருக்கறேன்னு."

கவுண்டர் சுற்றுமுற்றும் பார்த்தார். வாழைத்தோப்பில் ஈ காக்கை இல்லை. இருந்தும் குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கு ஏதப்பா அந்தச் சீக்கு? மச்சானுக்கில்ல வாங்குனேன்."

"நாந்தானுங்களே உங்க இடுப்புல அளவெடுத்தேன்."

"அவனுக்கும் அதே இடுப்பு."

சொல்லிவிட்டு ஒரு வாழைத்தாரை வெட்டித் தூக்கி வந்து, முனகல்கூட இல்லாமல் அர்த்தநாரியின் தோளில் வைத்தார் கவுண்டர். அதைவிட நல்ல சாட்சி உலகத்தில் கிடையாது. ஆனால் அதைச் சேலத்துக்குக் கொண்டுபோக முடியாது.

மேட்டூர் அணை கட்டி முடிந்த மறு வருஷம், கொடிக்காலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த கவுண்டர் எழுந்திருக்கவில்லை. சேதி கேட்டு அர்த்தநாரி பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தார். டானிக்கும் மாத்திரையும் அந்த வீட்டுக்குத் தன் கடையிலிருந்தே போனதால் சுவாமிநாதனும் வந்து உட்கார்ந்திருந்தார்.

குளிப்பாட்டுவதற்கு வேட்டியைத் தளர்த்திய நாவிதர் கை நின்றது. பங்காளிகள் குனிந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் சுவாமிநாதனும் எட்டிப் பார்த்தார்.

சாவு வீட்டில் சந்தோஷப்படுவது பாவம் என்று அர்த்தநாரிக்குத் தெரியும். ஆனாலும் மனசு முந்திக்கொண்டு அலமாரிக்குப் போய்விட்டது. மரியாதைப்பட்ட மனுஷர், கட்டிய கச்சையோடு, கடைக்காரர் கண்ணெதிரே. ஒரு வார்த்தை சொன்னால் போதும். "அது வந்துங்க..." என்று ஓரடி எடுத்து வைத்தார்.

கவுண்டரின் மனைவி பூவாத்தாள் அதற்குள் வந்துவிட்டாள். முகத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"அது சீமையிலிருந்து வந்ததுங்க. பெரிய டாக்டர் வரவழைச்சுக் குடுத்தாரு. லேசுல ஆருக்கும் கெடைக்காதுங்க."

சொல்லும்போது அவள் அர்த்தநாரியைத்தான் பார்த்தாள். போகிறவர் நோயாளியாகப் போகக் கூடாது, சீமைச் சாமான் கட்டிய சீமானாகப் போகட்டும் என்று அந்தப் பார்வை கெஞ்சியது. எடுத்து வைத்த அடியை அவர் பின்னால் வைத்தார்.

"அதானே பார்த்தேன், நம்மூர் ஆளுக்கு இந்த நெசவு வருமா?" என்றார் ஒரு பங்காளி.

"கட்டியே அனுப்புங்க, அது இல்லாம அவருக்கு நடை வராது" என்றாள் பூவாத்தாள். நாவிதருக்குக் கொக்கி பிடிபடவில்லை. பங்காளிகளுக்கும் பிடிபடவில்லை. அர்த்தநாரி போய் முழங்காலிட்டு, திண்டை அதன் இடத்தில் வைத்து, ஒரே இழுப்பில் மாட்டினார்.

"உனக்கு எப்படிப்பா தெரியும்?" என்று கேட்டார் அந்தப் பங்காளி.

"நாடாக்காரனுங்க. எந்த ஊரு நாடான்னாலும் கைக்குப் பிடிபட்டுருமுங்க."

எல்லாம் முடிந்து காவிரியில் முழுகி வந்தபின் சுவாமிநாதன் அவரைத் தனியே அழைத்தார்.

"பார்த்தியா? சரக்குன்னா அது. அதே மாதிரி உன்னால நெய்ய முடியுமா?"

அர்த்தநாரி வெகுநேரம் ஈர வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தார்.

"பார்க்கறேனுங்க" என்றார்.

வீட்டில் சௌந்திரம் தலையில் அடித்துக்கொண்டாள். "நீங்க செஞ்சதையே பார்த்து நீங்களே செய்யப் போறீங்களா? சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லலாம்தான். அந்தம்மா அழுதுக்கிட்டே சொன்னாங்க புள்ள."

அடுத்த மாசமே கச்சை, 'சீமை மாடல்' என்ற பெயரில், அலமாரிக்குள் ஏறியது. மரியாதைப்பட்டவர்கள் வாங்கினார்கள். சிலர் அதைக் கட்டியிருப்பதாக வெளியிலேயே சொல்லிக்கொண்டார்கள். சீமை மாடல் கட்டுவதில் என்ன வெட்கம்? சுவாமிநாதனுக்கு மட்டும் ஒரு குறை இருந்தது. ஒவ்வொரு கட்டு வரும்போதும் எடுத்துத் தடவிப் பார்த்து, "மோசமில்லை. ஆனா அந்த அசல்ல இருந்த பிடிப்பு இதுல வரலை" என்பார்.

"வராதுங்க" என்பார் அர்த்தநாரி.

சரக்கைக் கொடுத்துவிட்டுக் கிளம்ப மனசில்லாமல் அலமாரி முன்னால் நிற்பார். அவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், புகை விட்டுக்கொண்டு போகும் கப்பல் ஒன்றின் படம் ஒட்டியிருந்தது. அர்த்தநாரி கடலையே பார்த்ததில்லை. கண்ணாடிமேல் மூச்சுப் படியப் படியத் துண்டால் துடைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகும் வரைக்கும் அந்தக் கப்பலையே பார்த்துக்கொண்டிருப்பார்.