கிளட்ச்சுக்கு ஒரு முட்டு

என் கணவர் போன பிறகு வீட்டில் சத்தம் போடக்கூடியதாக மிஞ்சியது இரண்டே சாமான்கள். ஒன்று மிக்சி, இன்னொன்று அவருடைய ஓட்டை டிராக்டர். ஒருத்திக்காக யார் மிக்சி போடுவார்கள்? டிராக்டரும் ஆயுத பூஜைக்கு அப்புறம் வாயை மூடிக்கொண்டது.

நவரைப் பட்ட நடவுக்கு வயலில் தண்ணீர் கட்டிச் சேடை ஓட்ட வேண்டிய நேரம் வந்ததும் என் கொழுந்தன் ஒரு மெக்கானிக்கை அழைத்து வந்தான். அவர் இன்ஜினைப் போட்டார், கிளட்ச்சை மிதித்தார், கியரைத் தள்ளினார். கரகரவென்று அது போட்ட சத்தத்தில் என் பல் கூசியது. எந்தக் கியரும் விழவில்லை. கியர் பாக்ஸ் போய்விட்டது, இந்த வயசு வண்டிக்குச் சாமான் கிடைக்காது என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

"இன்னாத்துக்கு அண்ணி இதும்மேல பேஜாரு? காயலான் கடைக்காரன வரச் சொல்லிகீறேன். நாளைக்கு சாயந்தரம் வருவான். அறுத்துக்கினு போவட்டும்" என்றான் கொழுந்தன்.

"அதுக்குள்ள வண்டி தானா நகந்துச்சுன்னா?"

"நகந்துச்சுன்னா வெச்சிக்கோங்க. நான் இன்னா வேணான்னா சொல்றேன்?" சிரித்துக்கொண்டே பைக்கை உதைத்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த வண்டியும் போய்விட்டால் அவர் இருந்தார் என்பதற்குச் சுவரில் மாலை போட்ட படம் மட்டும்தான். படம் பேசாது. அவரும் பெரிதாகப் பேசியவர் இல்லை. ஆனால் அவர் வருவதை ஏரிக்கரை திரும்பும்போதே அந்த வண்டி எனக்குச் சொல்லிவிடும், நான் அடுப்பைப் பற்றவைப்பேன்.

மறுநாள் ஞாயிறு, எனக்கு வார லீவு. நான் தேர்வாய் கண்டிகையில் கிளட்ச் பிளேட் செய்கிற கம்பெனியில் தரம் பார்க்கிறவள். பளபளவென்று வருகிற புதுப் பிளேட்டைத்தான் தெரியும். அது ஒரு வண்டிக்குள் போய் என்ன பாடுபடுகிறது என்று பார்த்ததே இல்லை. இந்த வண்டியிலோ மட்கார்டில் உட்கார்ந்து போனதோடு சரி. கியர் தடியின் குமிழில் இருந்த எண்கள் எல்லாம் அவர் உள்ளங்கையிலேயே தேய்ந்து போயிருந்தன. எது முதல் கியர், எது ரிவர்ஸ் என்று அவருக்குத்தான் வெளிச்சம்.

சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். இன்ஜினைப் போடாமலே கியர் தடியை ஒவ்வொரு பக்கமாகத் தள்ளிப் பார்த்தேன். வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல எல்லாக் கியரும் விழுந்தன. பல் உடைந்த கியர் பாக்ஸ் இப்படியா விழும்? பிறகு கியரில் வைத்து, கிளட்ச்சைத் தரையோடு மிதித்துக்கொண்டு, சாவியைத் தொட்டேன். வண்டி முன்னால் எகிறியது. பயத்தில் சாவியை அணைத்துவிட்டேன். ஆனால் விஷயம் புரிந்துவிட்டது. கிளட்ச்சை மிதித்தால் இன்ஜினும் கியர் பாக்ஸும் பிரிய வேண்டும். இங்கே பிரியவில்லை. சுற்றிக்கொண்டே இருக்கிற கியருக்குள் இன்னொன்றைத் தள்ளினால் கரகரக்காமல் என்ன செய்யும்?

கீழே படுத்துப் பார்த்தேன். பெடலைக் கையால் அழுத்தினால் அதிலிருந்து கிளட்ச்சுக்குப் போகிற கம்பி சரியாகத்தான் அசைந்தது. அப்படியென்றால் கோளாறு உள்ளே. எங்கள் கம்பெனிக்குப் பின்னால் கழித்துப் போட்ட பிளேட்டுகள் மழையில் நனைந்து, இரும்புத் தகட்டோடு துருவால் ஒட்டிக்கொண்டு கிடக்கும். சுத்தியலால் அடித்தாலும் வராது. அதேதான் இங்கேயும். ஆனால் இத்தனை வருஷம் இதே கொட்டகையில், இதே மழைக்கு ஒட்டாதது இப்போது மட்டும் ஏன் ஒட்டியது?

யோசித்துக்கொண்டே தண்ணீர் குடிக்க வீட்டுக்குள் போனேன். பின்கதவு காற்றில் அடிக்காமல் இருக்க ஒரு கட்டையை வைத்திருக்கிறேன். அதைப் பார்த்தபடி அப்படியே நின்றுவிட்டேன். ஒரு முனையில் பெடல் அகலத்துக்கு ஒரு வெட்டு. ஆயுத பூஜைக்குக் கொழுந்தன் வண்டியை ஹோஸ் பிடித்துக் குளிப்பாட்டியபோது, "இது இன்னாத்துக்கு அசிங்கமா" என்று பெடலிலிருந்து பிடுங்கி எறிந்த கட்டை. நல்ல கட்டையாயிற்றே என்று நான்தான் எடுத்து வந்தேன். சீசன் முடிந்து வண்டி நிற்கும்போதெல்லாம், பிளேட் ஒட்டாமல் விலகியே இருக்கட்டும் என்று பெடலை அழுத்தி, அதற்கும் சீட்டுக்கும் நடுவில் என் வீட்டுக்காரர் கொடுத்து வைத்த முட்டு அது.

சாயந்தரம் கொழுந்தன் முதலில் வந்தான். காயலான் கடைக்காரருக்கு முன்னால் வந்தது நல்லதாய்ப் போயிற்று. "ஏறு. ஏதாவது ஒரு கியர்ல வெச்சிக்கினு ஸ்டார்ட் பண்ணு. நெலத்துல உடு. கிளட்ச்ச மிதிச்ச கால எடுக்காத. நான் சொல்றப்ப பிரேக்க மிதி" என்றேன். இன்ஜின் ஒரு பக்கம் தள்ள, பிரேக் ஒரு பக்கம் பிடிக்க, அந்த இழுபறியில் துருவில் ஒட்டிய பிளேட் பிய்ந்துகொள்ளும் என்பது என் கணக்கு. பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். ஆனாலும் ஏறினான்.

அறுவடை முடிந்து கிடந்த நிலத்தில் வண்டி எகிறி ஓடியது. நான் பக்கத்திலேயே புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினேன். "மிதி! உடு! மறுபடி மிதி!" வண்டி முக்கியது, முனகியது. திடீரென்று டப்பென்று ஒரு சத்தம். இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்க, வண்டி மட்டும் நின்றது. அவன் கியரை மாற்றினான். கரகரப்பே இல்லை.

"அண்ணி! உட்டுச்சு அண்ணி!" என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது. காயலான் கடைக்காரருக்குப் போனில் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சேடை ஓட்டுகிற நாளைப் பேசிவிட்டு அவனும் போனான்.

சேடை ஓட்டி முடித்து வண்டி மறுபடி கொட்டகைக்கு வந்த அன்று கட்டையை எடுத்துக்கொண்டு ஏறினேன். சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதித்தால் கட்டைக்குக் கை எட்டவில்லை. கைக்காகக் குனிந்தால் பெடலை அழுத்திய கால் எழும்பிவிடுகிறது. கட்டை விழுந்தது. எடுத்தேன், மறுபடி விழுந்தது. இது இரண்டு பேர் வேலை. ஒருவர் மேலே மிதிக்க, ஒருவர் கீழே நின்று செருக வேண்டும். இதை எப்படித்தான் தனியாகச் செய்தார்?

அப்போதுதான் கட்டையின் இன்னொரு முனையில் ஒரு ஓட்டை இருப்பதைக் கவனித்தேன். கதவுக்கு வைத்திருந்த நாளெல்லாம் பூச்சி அரித்தது என்று நினைத்திருந்தேன். பூச்சி இவ்வளவு வட்டமாக அரிக்காது. கொடிக்கயிற்றை அதில் கோத்து, வெட்டு உள்ள முனையைப் பெடலில் வைத்து மிதித்து, கயிற்றை மேலே இழுத்தேன். கட்டை எழும்பி சீட்டுக்கு அடியில் போய்க் கச்சிதமாக உட்கார்ந்தது.

உட்கார்ந்து யோசித்து, ஓட்டை போட்டு, கயிறு கட்டிப் பழகியிருக்கிறார். அடுப்படியிலிருந்து கொட்டகை கூப்பிடு தூரம்தான். ஒரு குரல் கொடுத்திருந்தால் ஓடி வந்திருப்பேன்.