அண்ணன் ஒன்னு, தம்பி ரெண்டு

கேட்டீங்களே, வெப்சைட் போட்டுக் குடுக்குறவனுக்கு அப்படி என்ன வம்பு வந்துரப்போகுதுன்னு. கண்ணுக்குத் தெரியாத சரக்க விக்கிறவன யாரும் நம்ப மாட்டாங்க, அதான் வம்பு. பகல்ல ஜெராக்ஸ் கடையில நின்னுக்கிட்டு, பொழுது சாஞ்சப்புறம் கிளாஸுக்குப் போயி கம்ப்யூட்டர் படிச்சவன் நான். இப்ப புதுக்கோட்டை சுத்துவட்டாரக் கடைகளுக்கு வெப்சைட் போடுறேன். வயரிங் வேல, இன்சூரன்ஸ் வேலன்னு உள்ளுக்குள்ள மறஞ்சு கெடக்குற தொழில் பாக்குறவுகளுக்கு நான் சொல்றது புரியும்.

வெப்சைட் பக்கத்துல எழுத்து தெரியும்ல, அதுக்குப் பின்னால ஹெடிங் டேக்னு ஒரு குறி வைப்போம். ஒன்னாம் நம்பர்னா பெரிய தலைப்பு, பக்கத்துக்கு ஒன்னு போதும். ரெண்டாம் நம்பர்னா அதுக்குக் கீழ வர்ற உள்தலைப்பு. இந்தப் பக்கம் எதப் பத்தினதுன்னு நெட்டுல தேடுற மெசினு இத வச்சுத்தான் புரிஞ்சுக்கும். அம்புட்டுத்தான் விசயம். இதுல ஒரு கடை ரெண்டாப் பிரியப் பாத்துச்சு.

எல்லாமே பெருசு

பொன்னமராவதியில முத்தையா அண்ணன் மோட்டார் காயில் கட்டுற கடை, அதான் எரிஞ்ச மோட்டாருக்குப் புதுக் கம்பி சுத்துற கடை வச்சிருக்காரு. தம்பி கணேசன் மஸ்கட்டுல இருந்து சம்பாரிச்சு அனுப்ப, அதுலதான் கடைக்கு மெசினெல்லாம் வந்துச்சு. வேல அண்ணனோடது, மொதல் தம்பியோடது.

அந்தக் கடைக்கு நான் போட்ட பக்கத்தக் காட்டுனப்ப அண்ணன் மொகம் சுருங்கிப் போச்சு. ஃபிளெக்ஸ் பேனர்ல எல்லா வரியும் பெருசா இருக்குறப்ப இதுல மட்டும் ஏன் பொடிசா இருக்குன்னாரு. எல்லாத்தையும் தலைப்பாக்குனா எதுவுமே தலைப்பு இல்லண்ணேன்னு சொல்லிப் பாத்தேன். எதுத்தாப்புல இருக்குற கடைக்காரன் எங்கிட்டப் பேசி வச்சிருக்கானோன்னு ஒரு பார்வ பாத்தாரு. எதுக்கு வம்புன்னு பதினோரு வரிக்கும் ஒன்னாம் நம்பர் போட்டேன். அண்ணன் கண்ணாடிய ஏத்தி விட்டுக்கிட்டுப் பாத்துட்டுச் சொன்னாரு: "இப்ப பெருசாயிருச்சுல்ல? அப்ப மொதல்லயே ஒங்களால முடிஞ்சிருக்கு, மனசுதான் வரல."

அரிமளத்துல இருந்து

பத்து நாள் கழிச்சு எனக்கு ஒரு போன். பக்கத்துக்கு அடியில செஞ்சு குடுத்தவன்னு என் போன் நம்பர் இருக்கும். பேசுனவரு அரிமளத்துல ரிட்டையர்டு வாத்தியாரு. கண்ணு தெரியாது. போன்தான் அவருக்குப் பக்கத்த வாசிச்சுக் காட்டும். விரலால தள்ளித் தள்ளித் தலைப்ப மட்டும் கேட்டுக்கிட்டே போயி, வேணுங்கிறது வந்ததும் நிப்பாட்டிக்கிருவாரு. தென்னந்தோப்பு மோட்டார் எரிஞ்சு போயி, கடை எப்பத் தொறக்கும்னு தேடியிருக்காரு. பதினோரு தலைப்பு கேட்டும் அது கெடைக்கல, எல்லாம் கடைப் பெருமையாவே இருந்துச்சு.

நான் பதில் சொல்ல வாயத் தொறக்குறதுக்குள்ள அவரே சொல்லிட்டாரு: "ஏப்பா, கடையே இல்லாதவன்தான் இம்புட்டுச் சத்தம் போடுவான். நெசமாவே அங்க கடைன்னு ஒன்னு இருக்கா?"

ரெண்டாம் நம்பர்

அண்ணங்கிட்ட இதச் சொன்னா, "அரிமளத்துல ஒங்களுக்குச் சொந்தக்காரங்க உண்டுல்ல?"ன்னு கேட்டாரு. பேசி முடிச்சு ஒருவழியா மாத்துனேன். பெரிய தலைப்பு 'முத்தையா மோட்டார் ஒர்க்ஸ்', ஒன்னாம் நம்பர். கீழ 'கணேசன், பங்குதாரர்', ரெண்டாம் நம்பர். ஆளுங்க பேரத் தலைப்பாப் போட்டதுதான் நான் செஞ்ச தப்பு.

கணேசனோட மச்சினன் கம்ப்யூட்டர் படிச்சவன். பக்கத்தத் தொறந்து, உள்ள இருக்குற நம்பரப் படம் புடிச்சு, செவப்புல வட்டம் போட்டு மஸ்கட்டுக்கு அனுப்பிட்டான். அன்னைக்கே கணேசன் லைனுக்கு வந்துட்டாரு. சத்தமெல்லாம் போடல. "தங்கச்சி கல்யாணப் பத்திரிகையிலயே எங்க ரெண்டு பேரு பேரும் ஒரே வரியில, ஒரே சைஸுலதான் அடிச்சோம். இதுல மட்டும் அவரு ஒன்னு, நான் ரெண்டா? அடுத்த மாசம் லீவுல வாரேன். வந்ததும் கடைக்கு நடுவுல செவரு வச்சுருவேன்."

நடுவுல செவரு வச்சா ஒரு பக்கம் மெசினு நிக்கும், இன்னொரு பக்கம் ஆளு நிப்பாரு. ரெண்டு பக்கமும் வேல ஓடாது. பதறிப் போயி அண்ணங்கிட்ட ஓடுனேன். அவருக்குச் செவத்தப் பத்திக் கவலையே இல்ல. கையில இருந்த செம்புக் கம்பிய ஒரு சுத்து சுத்திட்டுக் கேட்டாரு: "உள்ள ஒளிஞ்சிருக்குற நம்பரு எனக்கே தெரியாது. மஸ்கட்டுல இருக்குறவனுக்கு யாரு காட்டுனது, வெப்சைட்காரரே?"

வெர்னியர்

ரெண்டு பேரையும் ஒரே வீடியோ கால்ல பிடிச்சேன். "மோட்டார் எரிஞ்சு போயி நிக்கிறவன் போன்ல எதத் தேடுவான், ஒங்க பேரயா, ரிப்பேர் கடையயா?"ன்னு கேட்டேன். ஒன்னாம் நம்பருக்கு 'பொன்னமராவதியில் போர்வெல் மோட்டார் ரிப்பேர்'னு வச்சேன். ரெண்டாம் நம்பருக்கு மூணு: காயில் கட்டுறது, வெளியூருக்கு வந்து பாக்குறது, கடை தொறந்திருக்குற நேரம். அண்ணன் தம்பி பேரு ரெண்டும் அடியில, நம்பரே இல்லாத சாதா எழுத்துல, ஒரே வரி.

ஒரே சைஸுதான்னு நான் சொன்னது எடுபடல. மோட்டார் ஷாஃப்ட் தடிமன மயிரிழை பெசகாம அளக்குற வெர்னியர எடுத்து, போன்ல தெரியுற பேரு மேல வைக்கச் சொன்னாரு கணேசன். அண்ணன் 'மு'வ அளந்தாரு, 'க'வ அளந்தாரு. 'மு' வால் இறங்குன எழுத்து, கொஞ்சம் ஒசரமாத்தான் வரும். வால விட்டுட்டுத்தான் அளக்கணும்னு கால்மணி நேரம் பேசி ஒத்துக்கிட்டாங்க. கடைசியா கணேசன் சொன்னாரு: "சரி, ஒத்துக்கிறேன். ஆனா வெர்னியர் அவரு கையில இருக்கு. ஊருக்கு வந்து நானும் அளப்பேன்."

வாத்தியாரு மறுபடியும்

போன வாரம் அரிமளத்து வாத்தியாரு கூப்புட்டாரு. நாலு தலைப்பு கேட்டதுமே நேரம் கெடைச்சிருச்சாம். எனக்கு ஒரு நிமிசம் சந்தோசமா இருந்துச்சு. ஒரு நிமிசந்தான். "இப்பக் கடை இருக்கும்போலதான் தெரியுது. ஆனாலும் ஆள விட்டுப் பாத்துட்டுத்தான் மோட்டாரக் கழட்டுவேன்"னாரு.

கணேசன் நேத்து வந்து எறங்கிட்டாரு. செவரு என்னாச்சுன்னு நீங்க கேப்பீங்க, நானும் அதத்தான்...

இருங்க, முத்தையா அண்ணன்தான் கூப்புடுறாரு.

"வெப்சைட்காரரே, இவன் செங்கல்லு எறக்கிட்டான். நடுவுல இல்ல, பின்னாடி. அரிமளம் பக்கமிருந்து மோட்டாரா வருது, வைக்க எடமில்ல, ஒரு ரூம் கட்டுவோங்கிறான். அந்த ரூமுக்கு என்ன நம்பர் தலைப்புன்னு கேக்குறான். இங்கிட்டு நேர்ல வந்து சொல்லுங்க, போன்ல சொன்னா நம்ப மாட்டான்."

இந்தா கெளம்பிட்டேன், தலைப்பு போட அஞ்சு நிமிசம் போதும், ஏன் போட்டோம்னு நம்ப வைக்கத்தான் பஸ் ஏற வேண்டியிருக்கு.