விரிசலுக்கு வைத்த பொட்டு

அரண்மனையில் வேலை என்று சொன்னபோது எங்கள் ஊர் ஆலங்குடியில் யாரும் நம்பவில்லை. ராஜா இல்லாத அரண்மனைதான், இப்போது அரசு அலுவலகம். நான் அங்கே கட்டடங்களைக் கவனிக்கும் பொறியாளர். ராஜா நுழைந்த வாசலில் டிபன் பாக்ஸோடு நுழைவதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

தெற்குத் தாழ்வாரத்தில் வளைவின் உச்சியிலிருந்து தூண் வரை ஒரு விரிசல் இறங்கியிருந்தது. பழையதா, இன்னும் வளர்கிறதா என்று பார்க்க அதன் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை ஒட்டினேன். சுவர் மயிரிழை அசைந்தாலும் கண்ணாடி உடையும். மூன்று மாதம் முழுசாக இருந்தால் பூசிவிடலாம், உடைந்தால் அந்தப் பக்கத்தையே இடித்துவிடலாம் என்று மேலதிகாரி சொல்லியிருந்தார்.

ஆயுத பூஜை விடுமுறை முடிந்து வந்தால் கண்ணாடி இரண்டாகக் கிடந்தது. அந்த வளைவுகளை நானே அளந்து வரைந்திருக்கிறேன், ஒன்றுகூட இம்மி பிசகாது. இடிக்கச் சொல்லி அழுதுகொண்டே அறிக்கை எழுதினேன்.

கையெழுத்துப் போடும் நேரத்தில் துப்புரவு வேலை பார்க்கும் அக்கா வந்து நின்றார். அவருடையது ஒப்பந்த வேலை, ஒரு புகார் போதும் நிறுத்திவிட.

"மேடம், அந்தக் கண்ணாடிய நாந்தான் ஒடச்சேன்."

"எப்படிக்கா?"

"பூசைக்குப் பீரோ, ஃபேனு, கம்ப்யூட்டருன்னு எல்லாத்துக்கும் பொட்டு வச்சேன். அதுவும் ஒங்க மிஷினுதானேன்னு வச்சேன். அழுத்திட்டேன் போல, பட்டுன்னு போயிருச்சு. பயந்துபோயி பொட்டத் தொடச்சிட்டேன். இப்ப இங்கிட்டு இடிக்கப் போறாங்கன்னு பேசிக்கிறாங்க. என்னைய நிப்பாட்டினாலும் பரவாயில்ல, இடிச்சிராதீங்க."

முதலில் கோபம்தான் வந்தது. பிறகு வெட்கம். எச்சரிக்கைச் சீட்டு ஒன்றுகூட ஒட்டாமல் விட்டது நான். படித்த படிப்பெல்லாம் எங்கே போயிற்றோ.

அறிக்கையைக் கிழித்தேன். கண்ணாடியைக் காபந்து பண்ணாதது என் தவறு என்று மேலதிகாரியிடம் சொன்னேன். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அக்காவின் பேச்சையே எடுக்கவில்லை. இன்னும் மூன்று மாதம் கிடைத்தது.

புதுக் கண்ணாடி ஒட்டி, சுற்றிலும் கயிறு கட்டினோம். ஐப்பசி, கார்த்திகை மழை கொட்டித் தீர்த்தது. தினமும் காலையில் நாங்கள் இருவரும் கயிற்றுக்கு வெளியே நின்று எட்டிப் பார்ப்போம். எனக்குப் பயமாகவே இருந்தது.

மூன்று மாதம் முடிந்த அன்று கண்ணாடியில் கீறல்கூட இல்லை. "அசைவு இல்லை, பூச்சு போதும்" என்று எழுதி, அக்காவைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன்.

"அப்ப கயித்த அவுத்துரவா மேடம்? மூணு மாசமா கூட்டாமக் கெடக்கு."