கேமராவுக்கு ஒரு மடை

என் அம்மாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று அண்ணன் முடிவுகட்டியது மொத்தம் நாற்பது விநாடி வீடியோவை வைத்து. நான்கு துண்டு, துண்டுக்குப் பத்து விநாடி. சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு அவன் அதைத் தன் தங்கையான எனக்கு அனுப்பியபோது, நான் சென்னையில் அலுவலகத்தில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்திருந்தேன். மூடி வைத்துவிட்டுப் பார்த்தேன்.

முதல் துண்டில், பாபநாசத்துக்குப் பக்கத்தில் தனியாக இருக்கும் எங்கள் அம்மா, பட்டப்பகலில் வாசல் கதவைத் திறந்துபோட்டுவிட்டு மண்வெட்டியோடு வெளியே போகிறாள். இரண்டாவதில் வெறுங்கையோடு திரும்பி வருகிறாள். மூன்றாவதில் கேட்டருகே நின்று, எதிரே யாருமே இல்லாத இடத்தைப் பார்த்துக் கையை வீசி வீசிப் பேசுகிறாள். நான்காவதில் புடவைக்கு மேல் அப்பாவின் முழுக்கைச் சட்டையைப் போட்டிருக்கிறாள். அப்பா இறந்து அப்போது இரண்டு வருடம்.

"பாத்தியா?" என்றான் அண்ணன் போனில்.

"பாத்தேன்."

"ஒரே நாள்ல ஆறு தடவ இப்படிப் போயிட்டுப் போயிட்டு வராங்க. மம்மட்டிய எங்க வச்சோம்னு தெரியல. ஆளே இல்லாம சண்ட போடுறாங்க. அப்பா சட்டையப் போட்டுக்கிட்டு சுத்துறாங்க. இதுக்கு மேல என்ன வேணும் உனக்கு?"

எனக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. அவனுக்குத்தான் எல்லாம் தயாராக இருந்தது. அடுத்த மாதம் லீவு. தஞ்சாவூரில் மூளை டாக்டரிடம் ஒரு சீட்டு. அங்கிருந்து நேராகக் கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு முதியோர் குடியிருப்பு, தோட்டம், யோகா, எல்லாம் உண்டாம். வீட்டைப் பூட்டிவிட்டு ஆறு மா நிலத்தையும், அதாவது ரெண்டு ஏக்கரையும், கொடுத்துவிடலாம், கேட்டு ஆள் வந்திருக்கிறது என்றான். அம்மா என்ன நினைக்கிறாள் என்று கேட்டேன். "நெனைக்கிற நெலமையில இருந்தா கேக்கலாம்" என்றான். எனக்கு உள்ளங்காலில் இருந்து கோபம் ஏறியது. ஆனால் உண்மையைச் சொல்லவேண்டும், அந்தச் சட்டையைப் பார்த்ததும் எனக்கும் சந்தேகம் வரத்தான் செய்தது.

கேமரா வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் காரியம் முடிந்த கையோடு அண்ணன் நான்கு கேமரா வாங்கி மாட்டினான். வாசலில் ஒன்று, கொல்லையில் ஒன்று, கூடத்தில் ஒன்று, சமையலறை நடையில் ஒன்று. தன் போனில் ஆப்பைப் போட்டுக்கொண்டான். "நீதான் கம்ப்யூட்டர்ல வேல பாக்குறியே, மிச்சத்த நீ பாத்துக்க" என்று சொல்லி விமானம் ஏறிவிட்டான். என் வேலையே அதுதான்: எங்கோ இருக்கும் இயந்திரங்களை, கருப்புத் திரையில் ஒவ்வொரு வரியாகக் கட்டளை தட்டி மேய்ப்பது. பொம்மையும் கிடையாது, பொத்தானும் கிடையாது. அந்தத் தொழில் புத்தியில், உள்ளங்கை அளவுள்ள ஒரு கம்ப்யூட்டரை அப்பாவின் பட்டா, கிஸ்தி ரசீதெல்லாம் இருக்கும் அலமாரியில் வைத்து, நான்கு கேமராவையும் அதோடு இணைத்தேன். அண்ணனின் ஆப், ஏதாவது அசைந்தால் பத்து விநாடி ஊமைப்படம் அனுப்பும். என் பெட்டியோ நாள் முழுவதையும் சத்தத்தோடு சேர்த்துப் பதிவுசெய்து ஒரு மாதம் வைத்திருக்கும். சென்னையிலிருந்து ஒரு வரி தட்டினால் நான் அதற்குள் போய்விடலாம்.

இதில் எதையும் அம்மாவிடம் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. பின்னால் அது என் தலையில்தான் விடிந்தது.

அன்று மாலை வேலை முடிந்ததும் என் இடத்திலேயே உட்கார்ந்து அந்த வரியைத் தட்டினேன். நான் வைத்த பயனர் பெயர் 'அம்மா', இயந்திரத்தின் பெயர் 'வீடு'. கடவுச்சொல் கேட்டது, கொடுத்தேன். அந்த நான்கு துண்டும் எடுக்கப்பட்ட செவ்வாய்க்கிழமைக்கான கோப்புகள் மணிவாரியாக வரிசையில் வந்து நின்றன. முழுப்படத்தை இறக்கப் பார்த்தால் எங்கள் ஊர் இணையம் கடைமடைக்கு வருகிற தண்ணீர் மாதிரி சொட்டியது. சத்தத்தை மட்டும் பிரித்து அனுப்பு என்று கட்டளை போட்டேன். அது வந்துவிட்டது. காதில் மாட்டிக்கொண்டேன்.

முதலில் ஃபேன் சத்தம். காக்கை. குக்கர் மூன்று விசில். பிறகு, ஊமைப்படத்தில் கை வீசிய அந்த இடத்தில், என் அம்மாவின் குரல்.

"யோவ்! இன்னிக்கு யார் முறை? வாயத் தொறந்து சொல்லுய்யா, யார் முறை?"

படத்துக்கு வெளியே, தூரத்தில் ஓர் ஆண்குரல். வாய்க்கால் தொடங்கும் இடத்தில், தலைமடையில், வயல் வைத்திருப்பவர். "உங்க முறைதாங்க. யாரு இல்லேன்னா?"

"அப்ப மடையில வைக்கோல் எப்படி வந்துச்சு? தானா நடந்து வந்துச்சா?"

"காத்துல வந்திருக்குங்க."

"காத்துல வந்து, மேல மண்ணையும் அள்ளிப் பூசிக்கிச்சா? இன்னொரு தடவ அடச்சுப் பாரு, ஒன் வரப்ப வெட்டி ஒன் தலையிலயே போடுறேன்!"

நான் அலுவலகத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்து மேசைப் பெண் திரும்பிப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் வந்திருந்தது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

வாய்க்காலில் தண்ணீர் குறைந்துபோன வருடம் அது. குறைந்தால் எங்கள் பக்கம் முறை வைப்பார்கள். இன்ன நாள் இன்னாருக்குத் தண்ணீர், மற்றவர்கள் தங்கள் மடையை அடைத்துக்கொள்ளவேண்டும். எங்கள் வயல் வாய்க்காலின் கடைசி, கடைமடை. எங்கள் முறை செவ்வாய்க்கிழமை. முறை நாளில் வீட்டில் உட்கார்ந்தால் தண்ணீர் வராது. அரைமணிக்கொரு தரம் போய் நிற்கவேண்டும், நகர்ந்தால் மேலே எவனாவது வைக்கோலைத் திணித்துவிடுவான். அம்மா ஆறு முறை போனது அதற்கு. மண்வெட்டியை மடையோரத்திலேயே போட்டுவிட்டு, அடுப்பைப் பார்க்க ஓடிவந்தாள், அவ்வளவுதான்.

சட்டை விஷயம் இன்னும் எளிது. நெற்பயிர் கையைக் கீறும். வயலில் இறங்குகிற பெண்கள் புடவைக்கு மேல் ஆம்பளைச் சட்டையைப் போட்டுக்கொள்வார்கள். பஸ்ஸில் போனால் பாபநாசம் வரை ரெண்டு பக்கமும் பார்க்கலாம். அண்ணனும் பிறந்ததிலிருந்து பார்த்தவன்தான். ஆனால் அந்தப் பெண்கள் கூலிக்கு வருகிறவர்கள். எங்கள் வீட்டுப் பெண்கள் வரப்போடு நின்றுவிடுவார்கள், சேற்றில் கால் வைப்பது கௌரவக் குறைச்சல். அதனால் மற்றவள் போட்டால் அவன் கண்ணுக்கு அது வேலை, தன் அம்மா போட்டால் பைத்தியம். பின்னால்தான் தெரிந்தது, குத்தகைக்காரர் போன வருடமே விட்டுவிட்டாராம். அம்மா தானே நிலத்தைக் கையில் எடுத்து, ரெண்டு பிள்ளைகளிடமும் மூச்சு விடாமல் நடவு முடித்திருந்தாள். சொன்னால் விற்கச் சொல்வோம் என்று அவளுக்குத் தெரியும்.

அண்ணனிடம் நான் எதையும் சொல்லவில்லை. போனில் சொன்னால் 'நீ எப்பவும் அவங்க பக்கம்' என்று வைத்துவிடுவான். அம்மாவிடமும் சொல்லவில்லை. நேரில் திரையில் போட்டுக்காட்டி வாயை அடைக்கவேண்டும் என்று எனக்குப் பெரிய வக்கீல் நினைப்பு.

அடுத்த மாதம் அண்ணன் வந்தான். டாக்டரைப் பார்க்கும் நாள் காலை நானும் போய் இறங்கினேன். கூடத்தில் அம்மாவின் பெட்டி கட்டித் தயாராக இருந்தது. கட்டியவன் அவன். அம்மா சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள், பெட்டியின் பக்கம் திரும்பவே இல்லை. நான் காப்பிகூடக் குடிக்காமல் லேப்டாப்பை டிவியில் செருகி, கருப்புத் திரையைத் திறந்து, ஏற்கெனவே எடுத்துவைத்திருந்த அந்தச் செவ்வாய்க்கிழமையை ஓடவிட்டேன். வாசல் கேமராவில் சண்டை, முழுச் சத்தத்தோடு. கொல்லைக் கேமராவில் தூரத்தில் வயல். அப்பாவின் சட்டை போட்ட ஓர் உருவம் குனிந்து மடை அடைப்பைப் பிடுங்குகிறது. பின்னாலேயே தண்ணீர் பளபளவென்று பயிருக்குள் நுழைகிறது.

"வயல்ல எறங்குறீங்களாம்மா?" என்றான் அண்ணன். குரல் சுருதி இறங்கியிருந்தது.

அம்மா அவனைத் தாண்டி என்னைப் பார்த்தாள்.

"இந்தச் சத்தம் புடிக்கிறது எத்தன நாளா இருக்கு?"

"மாட்டுனதுலேருந்தே இருக்கும்மா."

"அவன் பாத்தான். நீ ஒட்டுக் கேட்டிருக்க."

"உங்களுக்காகத்தாம்மா…"

"உங்கப்பா போன பெறகு இந்தக் கூடத்துல உக்காந்து நான் அழுததெல்லாம் அதுல இருக்கா?"

"இல்லம்மா. ஒரு மாசத்துக்கு மேல தானா அழிஞ்சிடும்."

"ஒரு மாசம் இருந்துச்சுல்ல" என்றாள்.

நான் டிவியை அணைத்தேன். ஜெயித்துவிட்டு இப்படிக் கூனிக்குறுகி நின்றது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். அதுவரை நான் காவல், அண்ணன் வேவு என்றுதான் எனக்குள் கணக்கு. அம்மாவுக்கு ரெண்டும் ஒன்றே.

அம்மாவின் துணிப்பெட்டியைப் பிரிக்கலாம் என்று அண்ணன் கை வைத்தான். அம்மா எழுந்து செருப்பை மாட்டினாள். "டாக்டர்ட்ட போவோம். கேக்குறத கேக்கட்டும். நாளப்பின்ன யாரும் இதச் சொல்லிக்கிட்டு வரக்கூடாது."

தஞ்சாவூரில் அந்த டாக்டர் இளவயசுக்காரர். இன்று என்ன கிழமை என்று பொறுமையாகக் கேட்டார்.

"செவ்வாக்கெழம" என்றாள் அம்மா. "எங்க முறை. மடையில ஆளு இல்ல தம்பி, சீக்கிரம் விட்டீங்கன்னா புண்ணியமாப் போவும்."

நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். அவர் தாளில் குறிப்பதற்குள் அம்மா ரெண்டில் வந்து நின்று, மீதியை என்ன செய்ய என்று கேட்டாள். அவர் தாளை மூடிவிட்டு அண்ணனைப் பார்த்தார். "இவங்கள எதுக்கு சார் கூட்டிட்டு வந்தீங்க?"

வீடு திரும்பியதும் அம்மா அந்தச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டாள். மண்வெட்டியைத் தோளில் வைத்தபடி வாசல் கேமராவை அண்ணாந்து பார்த்தாள்.

"இதுக்கு மடை எங்க இருக்கு?"

"என்னம்மா?"

"தெறக்கவும் அடைக்கவும் ஒரு எடம் இருக்கும்ல. அது என் கையில இருக்கணும். வீட்டுக்குள்ள இருக்குற ரெண்டையும் கழட்டிப் போடு. வாசலும் கொல்லையும் இருக்கட்டும், மாடு வந்தாத் தெரியும். ஊம கேமராவா இருக்கட்டும்."

அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். மண்வெட்டி தோள் மாறியது. அவன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்க் கேமராவைக் கழற்ற ஆரம்பித்தான்.

நான் என் பழைய லேப்டாப்பை அலமாரிக்குப் பக்கத்தில் வைத்து, அந்தப் பெட்டிக்கு ரெண்டே கட்டளை எழுதினேன். ஒன்று 'அடை', ஒன்று 'திற'. அடை என்றால் என் பதிவும் நிற்கும், அண்ணனின் ஆப்பும் இருட்டாகும். அம்மா எஸ்எஸ்எல்சி. ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடித் தட்டினாள், மூன்றாம் தடவையில் பிடித்துக்கொண்டாள். புதிய கடவுச்சொல் போடும்போது என்னைச் சுவர் பக்கம் திரும்பி நிற்கச் சொன்னாள். திரும்பி நின்றேன். எத்தனையோ கம்பெனி இயந்திரத்துக்குச் சாவி வைத்திருக்கிறவள் நான். என் வீட்டுக்கு அன்றோடு இல்லை.

"ரெண்டு பேருக்கும் ஞாயித்துக்கெழம காலையில ஒரு மணி நேரம்" என்றாள். "அது உங்க முறை."

அண்ணன் சிங்கப்பூர் போய் மூன்று வாரம் கழித்து ஒரு மதியம் கூப்பிட்டான். "ஆப்ல ஒண்ணும் தெரியல. நீ உள்ள போயி என்னன்னு பாரு." பழக்க தோஷம், நானும் கருப்புத் திரையைத் திறந்து அந்த வரியைத் தட்டிவிட்டேன். கடவுச்சொல் என்று கேட்டுக் கண் சிமிட்டிக்கொண்டு நின்றது. எனக்குத் தெரியாது. அம்மாவுக்குப் போன் போட்டேன். காற்றுச் சத்தம், அதற்கடியில் தண்ணீர் ஓடுகிற சத்தம்.

"என்னம்மா, கேமரா அடைச்சிருக்கு?"

"இன்னிக்கு என்ன கெழம?"

"வியாழன்."

"உன் முறை என்னிக்கு?"

"ஞாயிறு."

"அப்பப் போன வை" என்றாள்.

வைத்தேன்.