ரோடு வளைந்த கதை

எங்கள் ஊரைத் தாண்டி ஓட்டப்பிடாரம் போகிற ரோடு, ஓரிடத்தில் அரிவாள் மாதிரி வளைந்து கிடந்தது. பஸ்ஸில் நிற்கிறவர்கள் அங்கே வந்ததும் கம்பியைப் பிடித்துக்கொள்வார்கள். மாநில நெடுஞ்சாலை என்று போர்டு வைத்த பிறகும் வளைவு போகவில்லை. ஏன் வளைகிறது என்று யாரும் கேட்டதுமில்லை. எனக்குத் தெரியும். அஞ்சாம் வகுப்போடு நின்றவள், நாலு பேர் கூடின இடத்தில் வாய் திறக்காதவள், சொல்லாமலே இருந்துவிட்டேன்.

நான் கல்யாணமாகி வந்தபோது அது வண்டிப்பாதை. மழை பெய்தால் கரிசல் களியாகி, சக்கரம் அச்சு வரை இறங்கும். அதனால் வண்டிக்காரர்கள் பக்கத்துப் புஞ்சை ஓரமாக ஒதுக்கி ஓட்டுவார்கள். யாரும் தடுக்க மாட்டார்கள். வெயில் அடித்ததும் தடத்தை உழுது விதைத்துவிடலாம்.

ஒரு வருஷம் எங்கள் பருத்தி நன்றாக எழும்பியிருந்தது. மாமனார் ஓரம் நெடுக உடைமுள் வெட்டிப் போட்டார். இழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருத்தி. வண்டிகள் எதிர்ப்புறம், ஆடு வளர்க்கிற குடும்பத்தின் துண்டு நிலத்துக்குள் சுற்றிப் போயின. அடுத்த வருஷமும் நாங்கள் முள்ளை எடுக்கவில்லை. பின்னால் ரோடு போடச் சரளைக்கல் அடித்தவர்கள் வண்டித் தடத்தின் மேலேயே அடித்தார்கள். தார் போட்டவர்கள் சரளின் மேலே போட்டார்கள். பழைய பாதையை நாங்கள் உழுது புஞ்சையோடு சேர்த்துக்கொண்டோம்.

போன கோடையில் ரோட்டை அகலப்படுத்த அளக்க வந்தார்கள். வளைவை ஒட்டி வெளிப்பக்கம் அகலப்படுத்தினால் ஆடு வளர்க்கிற அந்தக் குடும்பத்து மருமகளின் வீடும் ஆட்டுப்பட்டியும் போய்விடும். புருஷன் இல்லாதவள். அவளுக்கு வேறு இடமும் கிடையாது.

"யக்கா, ரோடு எங்க அடுப்பாங்கரைக்குள்ளதான் வருதாம். இனி பஸ் டிரைவருக்கு நாந்தான் காப்பி போடணும்" என்று சிரித்தாள். கண் சிரிக்கவில்லை.

அளக்க வந்தவர் காகிதத்தை விரித்து, "பழைய படத்துல பாதை நேரா இருக்கு. எல்லைக்கல்லு ஒண்ணையும் காணோமே?" என்றார்.

"ரோடு என்னைக்கும் இப்படித்தான் சார் கெடக்கு" என்றான் என் மகன். அவன் பொய் சொல்லவில்லை. அவன் பிறப்பதற்கு முன்பே முள் மக்கிப்போயிற்று.

"ஐயா, கல்லு அங்கன இருக்கு" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அவள்தான் கத்தினாள். "சார், யக்கா என்னமோ சொல்லுதாவ, கேளுங்க. அவிய வாயத் தொறக்கதே அமாவாசைக்கு ஒருக்க!"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "யம்மா, வெயிலு ஏறுது, வீட்டுக்குப் போ" என்றான் மகன்.

நான் எங்கள் புஞ்சைக்குள் நடந்தேன். வேலிக்கருவைப் புதருக்கு அடியில் பாதி புதைந்து நிற்கிற கல்லில்தான் அறுப்புக்கு அறுப்பு அருவாள் தீட்டுவேன். அதைத் தொட்டுக்கொண்டு நின்றேன்.

"நாங்க முள்ளு போட்டுத்தான் ஐயா பாதை வளைஞ்சுச்சு. நேர்ப்பாதை இதுக்குள்ளதான் கெடக்கு."

அவர் கல்லிலிருந்து டேப் பிடித்தார். படத்தோடு சரியாக வந்தது.

எங்கள் புஞ்சையின் ஓரம் நெடுக ரோட்டுக்குப் போயிற்று. மகன் பத்து நாள் என்னோடு பேசவில்லை. தட்டை வைத்தால் சாப்பிடுவான், எழுந்து போய்விடுவான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

இப்போது ரோடு நேராகப் போகிறது. பழைய வளைவின் தார் மட்டும் அவள் வீட்டு முன்னால் சும்மா கிடக்கிறது. தை மாதம் அதில் உளுந்துச் செடி காயப்போட்டிருந்தாள். கிட்டே போகக் கூச்சமாக இருந்தது. அவளே கூப்பிட்டாள்.

"எங்க மாமியா சாகுத வரைக்கும் ஒங்க முள்ளச் சொல்லித்தான் ஏசுவா. நான் நம்பலைக்கா."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அதுக்கு ஏன் நிக்கீய? ஒங்க உளுந்தயும் கொண்டாந்து போடுங்க. இங்கன லாரி வராது."

வீட்டில் போய்ச் சொன்னேன். மகன் உளுந்துக் கட்டைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தான்.