தொடர்கதையின் பின்பக்கத்தில் ஒரு பேயும் ஒரு பூதமும்

வியாழக்கிழமை சாயங்காலம் ஆனால் எங்கள் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ‘சர்ர்ர்’ என்று ஒரு சத்தம் வரும். இரும்பு ஸ்கேலை வைத்து அழுத்திக்கொண்டு, பிசிறில்லாமல், ஒரே இழுப்பில் காகிதத்தைக் கிழிக்கிற சத்தம். பள்ளிக்கூடம் விட்டு வந்து காபி குடித்த கையோடு எஸ்தர் டீச்சர் அந்த வாரத்துப் பத்திரிகையிலிருந்து தொடர்கதைப் பக்கங்களைத் தனியாக எடுக்கிறார் என்று அர்த்தம். கதை முடிந்ததும் எல்லாவற்றையும் அடுக்கி ‘பைண்டு’ பண்ணி அலமாரியில் வைத்துக்கொள்வார். அந்தக் காலத்தில் பாதித் தமிழ்நாடு செய்த காரியம்தான் இது, அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தச் சத்தம் காதில் விழுந்த நிமிஷத்திலிருந்து திங்கட்கிழமை வரைக்கும் எனக்கு இருப்புக் கொள்ளாது.

மேற்குத் தாம்பரத்தில், மின்சார ரயிலின் ஹாரன் வீட்டுக்குள் கேட்கிற தூரத்தில், ஒரே காம்பவுண்டுக்குள் நாங்கள் நான்கு குடும்பங்கள் இருந்தோம். பத்திரிகை வாங்குவது டீச்சர் மட்டும்தான். அவர் படித்து முடித்ததும் அன்று ராத்திரியே அது வீட்டுக்காரம்மாவிடம் போகும், அங்கிருந்து மாடி வீட்டுக்கு, கடைசியில் திங்கட்கிழமை எங்களிடம். குழாயடி முறையில்கூட ஒரு குடம் முன்னே பின்னே நடக்கும், பத்திரிகை முறையில் நடக்காது. வீட்டுக்காரம்மாவுக்கு ராசிபலனும் சினிமாப் படங்களும் போதும். மாடி வீட்டுக்காரருக்குக் குறுக்கெழுத்து. அம்மாவுக்குத் தொடர்கதை குழாயடியில் டீச்சரின் வாயாலேயே கிடைத்துவிடும், அதுவும் கதாநாயகி அழுகிற இடங்களில் டீச்சரின் கண்ணீரோடு. ஆக, பக்கம் கிழிந்திருந்ததில் நஷ்டப்பட்டது நான் ஒருத்திதான்.

அந்தத் தொடர்கதையின் கடைசிப் பக்கத்துக்குப் பின்பக்கத்தில்தான் ‘உச்சாணியும் தொம்பையும்’ என்ற சித்திரக்கதை ஆரம்பமாகும். வாரம் இரண்டு பக்கம். முதல் பக்கம் டீச்சரோடு போய்விடும், இரண்டாம் பக்கம்தான் எனக்கு மிஞ்சும். உச்சாணி என்பது பனைமரத்துப் பேய். ‘பிளாட்’ போடுகிறேன் என்று மரத்தை வெட்டிவிட்டார்கள், தங்க இடமில்லை. யாரையாவது பயமுறுத்தலாம் என்று பார்த்தால் ஒருவரும் பயப்பட மாட்டார்கள். தொம்பை ஏரியில் இருந்த பூதம். ஏரி வற்றிவிட்டது. அதற்கு யாரையும் பயமுறுத்த ஆசை இல்லை, பிள்ளைகளோடு கோலி விளையாடத்தான் ஆசை, ஆனால் அதன் வயிற்றைக் கண்டதுமே தெரு காலியாகிவிடும். இப்படி நாதியற்றுப்போன இரண்டும் ஒரு பேருந்து நிறுத்தத்தில் சந்தித்து, சேர்ந்து வாடகைக்கு வீடு தேடுகின்றன. “ஆளுங்க எத்தினி பேரு?” என்று தரகர் கேட்பார். “ஆளே கெடையாது சார்” என்று உச்சாணி பவ்யமாகச் சொல்லும்.

இந்த அளவுக்குக் கதை எனக்குப் பிற்பாடு தெரிந்ததுதான். அப்போது எனக்குக் கிடைத்ததெல்லாம் தலையில்லாத முண்டங்கள். ஒரு வாரம் பக்கத்தைத் திறந்தால் தொம்பை இட்லிப் பானையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடுகிறது, பின்னால் ஊரே துரத்துகிறது, உச்சாணி மூக்கில் கட்டுப் போட்டிருக்கிறது. ஏன் ஓடுகிறது, யாருடைய இட்லிப் பானை, காற்றாக இருக்கிற பேய்க்கு மூக்கில் அடிபட்டது எப்படி? நினைத்து நினைத்து நான் வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டே இருப்பேன். “கால்ல சக்கரமா கட்டியிருக்கு? உக்காந்த எடத்துல உக்கார மாட்டியா?” என்று அம்மா கத்துவாள். தெருப் பிள்ளைகளும் இதையேதான் சொன்னார்கள். ஒளிந்து விளையாடும்போது ஒளிந்த இடத்தில் இருக்கப் பொறுக்காமல் நானே வெளியே வந்துவிடுவேன். ‘ஆட்டத்தைக் கெடுக்கறவ’ என்று ஒதுக்கிவைத்தார்கள், நியாயம்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை பொறுக்க மாட்டாமல், டீச்சர் டியூஷனுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, அவர் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டேன். திறந்தது பியூலா. டீச்சரின் மகள், என்னைவிட இரண்டு வகுப்பு பெரியவள். கான்வென்ட் யூனிஃபார்மும் டையுமாகப் போவாள், வருவாள், யாரோடும் பேச மாட்டாள். அவளுடைய அப்பா நாக்பூர்க்காரர், மராத்திக் கிறிஸ்தவர், அங்கேயே வேலையில் இருந்தார். டீச்சர் மட்டும் மகளை அழைத்துக்கொண்டு இங்கே வந்துவிட்டார். ‘அவங்களுக்குள்ள என்னவோ சரியில்ல’ என்று பெரியவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள். தெருப் பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் ‘இந்திக்காரி’.

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே கேட்டாள்: “நீ அந்த ரெண்டு பேருக்காகத்தானே வந்தே? குண்டு ஒண்ணு, ஒல்லி ஒண்ணு?”

கட்டிலுக்கடியிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியை இழுத்தாள். கிழித்த பக்கங்களை வரிசையாக அடுக்கிவைப்பது அவள் வேலை. முழுப் பத்திரிகையை அவள் தொடக் கூடாது, கெட்டுப்போவாளாம். தொடர்கதையில் ஊரில் உள்ள அநியாயம் எல்லாம் நடக்கும், அதை டீச்சர் பத்திரப்படுத்துவார், மகள் பத்திரிகையைத் தொட்டால் மட்டும் கெட்டுப்போவாள்! ஆக, அவளிடம் இருந்தது எல்லா வாரத்துக்குமான முதல் பக்கம் மட்டும். அதிலும் ஒரு சங்கடம் இருந்தது.

“எனக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. படம்தான் பாப்பேன். இவங்க என்ன பேசிக்கறாங்கன்னு சொல்லேன்” என்றாள்.

தரையில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். உச்சாணியை எங்கள் வீட்டுக்காரம்மா குரலிலும் தொம்பையை ரயில் நிலைய ஒலிபெருக்கிக் குரலிலும் படித்தேன். அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். சிரிப்பு வந்தால் அவளுக்கு விக்கலும் சேர்ந்து வரும்.

அதிலிருந்து வெள்ளிக்கிழமை அவள் வீட்டில் முதல் பக்கம், திங்கட்கிழமை எங்கள் கொல்லையில் இரண்டாம் பக்கம். நடுவில் இருந்த சனியும் ஞாயிறும்தான் எங்கள் இருவரையும் வறுத்தெடுத்தன. அடுத்தது என்ன ஆகும் என்று மதில் ஓரமாக நின்று சண்டை போடுவோம். அவள் தொம்பை கட்சி, நான் உச்சாணி கட்சி. அவள் நகத்தைக் கடிப்பாள், நான் மதிலின் காரையைப் பெயர்ப்பேன். உச்சாணி வயல்பொம்மை வேலைக்குப் போய்க் காக்கைகள் அதன் தோளில் குடும்பம் நடத்திய வாரத்தில், தொம்பை அதை வேலையிலிருந்து மீட்டு வரும் என்று அவள் அடித்துச் சொன்னாள். தொம்பையும் அங்கேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டது. அவளுக்குக் கோபம் வந்து இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, கதையை நான்தான் எழுதினேன் என்கிற மாதிரி. என்னோடு அப்படிக் கோபித்துக்கொள்ள அதுவரை யாரும் இருந்ததில்லை, உள்ளுக்குள் சந்தோஷமாகவே இருந்தது.

டிசம்பர் மழை பிடித்துக்கொண்டது. தாம்பரத்தில் பள்ளமான இடமெல்லாம் தண்ணீர். சித்திரக்கதையிலும் மழை பெய்தது. ஒரு திங்கட்கிழமை, நனைந்த கொல்லையில் குடை பிடித்துக்கொண்டு நான் படித்த பக்கத்தில் ஏரி நிரம்பிவிட்டது. தொம்பை வீட்டுக்குப் போகலாம், ஆனால் உச்சாணிக்குத் தண்ணீரில் இறங்க முடியாது, நனைந்தால் கரைந்துவிடும். பொங்கல் மலரிலிருந்து எல்லாமே புதுசாக ஆரம்பிக்கிறார்களாம், அதனால் தொடர்கதையும் சித்திரக்கதையும் ‘அடுத்த வாரம் முடியும்’ என்று கீழே போட்டிருந்தது.

பியூலா நகத்தைக் கடித்தாள். பிறகு, “ஞாயித்துக்கெழம அப்பா வராங்க. என்னைக் கூட்டிட்டுப் போக” என்றாள்.

“லீவுக்கா?”

“இல்ல. இனிமே அங்கதான். அம்மா இங்க.” பக்கத்தில் இருந்த படத்தைக் காட்டிக் கேட்டாள்: “இது ரெண்டும் பிரிஞ்சிடுமா?”

தெரியாது என்றேன். அவள் என்னை உலுக்கினாள். தமிழ் படிக்கத் தெரிந்தவளுக்கு முடிவும் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ.

வியாழக்கிழமை சுவருக்கு அந்தப் பக்கம் ‘சர்ர்ர்’ கேட்டது. வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் பையைக்கூட வைக்காமல் ஓடினேன். டிரங்குப் பெட்டி காலி. கதைதான் முடிந்துவிட்டதே என்று, காலையில் சைக்கிளில் வந்த பைண்டரிடம் டீச்சர் மொத்தத்தையும் தூக்கிக் கொடுத்திருக்கிறார். பியூலா ராத்திரி படத்தை மட்டும் பார்த்திருந்தாள்.

“தொம்பை தண்ணிக்குள்ள எறங்குது. உச்சாணி கரையில உக்காந்து அழுது. தொம்பை திரும்பிப் பாத்து என்னமோ சொல்லுது, நெறைய எழுத்து இருந்துச்சு. போயிட்டு வரேன்னு சொல்லுதுபோல” என்று சொல்லிவிட்டு அவளும் அழுதாள்.

எனக்கு ஒரே வழிதான் தெரிந்தது. இரண்டாம் பக்கம் இன்னும் பத்திரிகையில்தானே இருக்கிறது? வீட்டுக்காரம்மாவிடம் ஓடினேன். அவர் பூக்கட்டிக்கொண்டிருந்தார். “இன்னாடி, ஒன்னோட ஒரே பேஜாரா கீது! புக்கு வூட்ல இல்ல. மத்தியானம் பொண்ணு வூட்டுக்குப் போவ சொல்ல கையில எட்த்துகினு போயி அங்கியே வெச்சிட்டேன். பள்ளிக்கரணையில கீது. திங்கக்கெழம மாப்ள கொண்ணாந்து தருவாரு” என்றார். இப்போதே யாராவது போய் வாங்கி வரக் கூடாதா என்று நான் அடம் பிடித்ததும் அம்மா என் காதைத் திருகி இழுத்து வந்தாள். “ஓசிப் பத்திரிகைக்கு இவ்ளோ அதிகாரமா? அவங்க முறை, நாம வாயைத் தெறக்கக் கூடாது.”

ஞாயிற்றுக்கிழமை அவளுடைய அப்பா வந்தார். மெலிந்த, அமைதியான மனிதர், யார் முகத்தையும் பார்க்கவில்லை. சாயங்காலம் ஆட்டோ வந்து நின்றது. பியூலா ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றாள். “படிச்சிட்டுச் சொல்லு” என்றாள். எப்படிச் சொல்வது என்று நான் கேட்பதற்குள் அவள் அப்பா கூப்பிட்டுவிட்டார்.

மறுநாள் மாப்பிள்ளை கொண்டுவந்த பத்திரிகை மாடி வீட்டுக்குப் போய்விட்டு, சாயங்காலம் எங்களிடம் வந்தது. அந்தப் பக்கத்தை இப்போது கேட்டாலும் கட்டம் கட்டமாகச் சொல்வேன். ஏரி நடுவில் தொம்பை கழுத்தளவு தண்ணீரில் நிற்கிறது. அதன் மொட்டைத் தலைமேல் உச்சாணி சம்மணம் போட்டு உட்கார்ந்து குடை பிடித்திருக்கிறது. “குனியாத, நனையுது” என்கிறது உச்சாணி. “தூக்கம் வருது” என்கிறது தொம்பை. “நீ தூங்கினா நான் கரஞ்சிடுவேன். எதனா பேசிகினே இரு.” கடைசிக் கட்டத்தில் நிலா, ஏரி, அதில் ஒரு பெரிய தலையும் ஒரு சின்னக் குடையும். அவ்வளவுதான். பிரியவே இல்லை! நான் பத்திரிகையோடு வாசலுக்கு ஓடி, கேட்டைத் திறந்து, தெருவில் இறங்கின பிறகுதான் போய்ச் சொல்ல ஆள் இல்லை என்பது உறைத்தது.

கடிதம் போட எனக்கு இங்கிலீஷ் வராது, அவளுக்குத் தமிழ் படிக்க வராது. டீச்சரிடம் போய் நின்றேன். பைண்டர் கொடுத்துவிட்டுப் போன புத்தகம் அவர் மடியில் இருந்தது. பேயையும் பூதத்தையும் பற்றி, டிரங்குப் பெட்டியைப் பற்றி, வெள்ளிக்கிழமைகளைப் பற்றி எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன். திட்டு விழும் என்றுதான் நினைத்தேன். அவர் மெதுவாகப் புத்தகத்தைப் பின்னாலிருந்து திறந்தார். தொடர்கதையின் கடைசித் தாள் ஒற்றைத் தாள் அல்லவா, அது விழாமல் இருக்கட்டும் என்று பைண்டர் அதைப் பின் அட்டையோடு சேர்த்துப் பசை போட்டு ஒட்டிவிட்டிருந்தார். ‘முற்றும்’ மேலே தெரிந்தது. சித்திரக்கதை அட்டைக்குள் போய்விட்டது.

டீச்சர் எழுந்து போய் ஒரு பிளேடும் ஈரத்துணியும் எடுத்து வந்தார். தான் வாராவாரம் கிழித்துச் சேர்த்த கதையின் முடிவை, ஓரத்தில் ஈரம் பண்ணி, பிளேடால் நெம்பி, உரிக்க ஆரம்பித்தார். தாள் முழுசாக வரவில்லை. துண்டு துண்டாகப் பிய்ந்து வந்தது. தொம்பையின் ஒரு கால், கொஞ்சம் தண்ணீர், ஒரு எழுத்துகூடத் தேறவில்லை. அவர் நிறுத்தாமல் சுரண்டிக்கொண்டே இருந்தார். “அவ இதைப் பாத்துட்டு அழுதாளா? என்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே” என்று ஒரு தடவை சொன்னார். பிறகு, “முடிவு என்ன, நீ சொல்லு” என்றார். சொன்னேன். திரும்பவும் சொல்லச் சொன்னார். சொன்னேன். “நான் எழுதறேன்மா, இங்கிலீஷ்ல எழுதறேன்” என்றார்.

எழுதினாரா என்று எனக்குத் தெரியாது. கேட்டபோதெல்லாம் “எழுதணும்மா” என்பார். கோடை விடுமுறையில் வீட்டைக் காலி செய்துகொண்டு போனார். நாக்பூருக்கா, வேறு ஊருக்கா என்பதை அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

அந்தக் காம்பவுண்டு இருந்த இடத்தில் இப்போது ‘லிஃப்ட்’ வைத்த அடுக்குமாடி நிற்கிறது. அந்தப் பத்திரிகை எப்போதோ நின்றுபோயிற்று. அந்தச் சித்திரக்கதையைப் பழைய புத்தகக் கடைகளில் தேடி அலுத்துவிட்டேன். கேட்டால் யாருக்கும் நினைவில்லை. பத்திரிகையை முறை வைத்துப் படித்தோம் என்றால் என் பிள்ளைகள் நம்புவதில்லை. எனக்கு இன்றைக்கும் ஓரிடத்தில் உட்கார வரவில்லை, ரயிலில் இடம் கிடைத்தாலும் வாசலோரம் போய் நிற்கிறேன். தண்ணீரில் இறங்கும்போது தொம்பை என்ன சொல்லியிருக்கும் என்று நானாக எத்தனையோ வசனம் எழுதிப் பார்த்தாயிற்று, ஒன்றும் சரியாக வரவில்லை. அது எனக்குத் தெரியாமலே போகட்டும். இரண்டும் பிரிந்துவிட்டன என்று நினைத்தபடியே அவள் ஆட்டோ ஏறிப் போனாளே, அதுதான் ஆறவில்லை. இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது நாக்பூர்ப் பக்கம், சிரித்தால் விக்கல் எடுக்கிற பியூலா என்ற பெண்மணியைத் தெரிந்திருந்தால் தயவுசெய்து சொல்லிவிடுங்கள். அவளால் இதைப் படிக்க முடியாது, வாயால்தான் சொல்ல வேண்டும். தொம்பை தண்ணீருக்குள் போனது உண்மைதான், ஆனால் தலையை வெளியே வைத்துக்கொண்டுதான் போனது.